பாகும் பாகமும்

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்குப் படையலில் என்னென்ன வைப்பது என்ற பேச்சு எழுந்தபோது நாங்கள் இருவரும் ஒரே மூச்சில் சொன்னது கடலை மிட்டாய். சொல்லி முடித்த பிறகுதான், அதைச் செய்வது யார் என்ற கேள்வி எங்களுக்கு உறைத்தது. கடையில் வாங்கி வைத்துவிடலாம். ஆனால் கடையில் வாங்கிய கடலை மிட்டாயை அம்மா தன் வாழ்நாளில் வாயில் போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

நாங்கள் இருவர் என்பது அண்ணனும் தம்பியும். மூத்தவர் கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். இளையவர் மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இதை எழுதும் கை இளையவருடையது. நினைவும் பிழையும் இருவருக்கும் பொது. எங்களுக்கு மூத்தவளாக அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. அந்த வட்டாரத்தில் வீட்டில் கடலை மிட்டாய் செய்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-இல்தான் என்றாலும், எங்கள் பிள்ளைப் பருவத்திலேயே அவ்வழியாகப் போகிறவர்கள் இரண்டு பொட்டலமாவது வாங்காமல் ஊர் திரும்பியதில்லை. அம்மா வீட்டில் செய்ததற்குக் காரணம் கைப்பக்குவத்தின் மீதான பெருமை அன்று, சிக்கனம். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் செவல் நிலம் இருந்தது. கரிசலுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கும் செம்மண். நிலக்கடலைக்கு அந்தப் பொலபொலப்புத்தான் வேண்டும். பூ மேலே மஞ்சளாகப் பூக்கும். கருவுற்ற பிறகு அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு, வளைந்து, மண்ணுக்குள் இறங்கி, அங்கே இருட்டில் காயாகும். மண் இறுகிக் கிடந்தால் அது இறங்காது. இறங்கிக் காய்த்தாலும் செடியைப் பிடுங்கும்போது காய் மண்ணோடு தங்கிவிடும். விளைந்ததில் திரண்ட பருப்பையெல்லாம் வியாபாரி கொண்டுபோய்விடுவார். சூம்பியதும் பிளந்ததும் வீட்டுக்கு. அந்தக் கழிவிலிருந்துதான் அம்மா ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு தூக்குவாளி நிறைய மிட்டாய் செய்தாள்.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எதைத் தின்றாலும் அது சங்க இலக்கியத்தில் இருக்கிறதா என்று தேடுவார்கள். நிலக்கடலையைத் தேடிப் பயனில்லை. தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பயிர் அது. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் மல்லாட்டை என்கிறார்களே, அது மணிலாக் கொட்டை என்பதன் மரூஉ. வெல்லத்துக்குத்தான் நீண்ட வம்சாவளி. ஆனால் கரும்பையும் யாரோ கொண்டுவந்துதான் நட்டிருக்கிறார்கள்; அதியமானின் முன்னோர் என்கிறது புறநானூறு. ஆக அதுவும் வந்தது, இதுவும் வந்தது. வந்த இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒட்டவைக்கும் வித்தைதான் எங்களுக்குக் கைவரவில்லை.

நினைவு நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், மூத்தவர் மதுரைக்கு வந்து தங்கிய ஒரு சனிக்கிழமை, அடுப்பைப் பற்றவைத்தோம். வெளியே கார்த்திகை மழை நசநசத்துக்கொண்டிருந்தது. மளிகைக் கடையில் வாங்கிய, முன்பே வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு அரைக் கிலோ. பளீரென்று பொன்னிறத்தில் மின்னிய வெல்லம் 350 கிராம். வெல்லத்தைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, இரு விரலுக்கிடையே தொட்டுப் பார்த்தபோது கம்பி இழுத்தது. கம்பிப் பதம் வந்துவிட்டது என்று மகிழ்ந்து பருப்பைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பினோம். ஒரு மணி நேரம் கழித்தும் அது வளைந்தது. எடுத்துக் கடித்தால் பல்லோடு பல்லை ஒட்டவைத்தது. வீட்டுப் பிள்ளைகள் அதைச் சவ்வு மிட்டாய் என்று பெயரிட்டு, தின்னாமல் இழுத்து விளையாடினார்கள்.

அடுத்த நாள் இரண்டாம் முயற்சி. நேற்று குறைந்ததற்குப் பரிகாரமாக இன்று கூட்டினோம். பாகு கருத்தது, ஒரு நொடியில் கசப்பு நெடி எழுந்தது. இறக்கிப் பரப்பிவிட்டு, தொலைபேசி ஒலிக்கவே அந்தப் பக்கம் போய்த் திரும்பியபோது தட்டில் கிடந்தது மிட்டாய் அன்று, ஒரு கல்வெட்டு. கத்தி இறங்கவில்லை. குழவிக்கல்லும் வெட்கப்பட்டது.

‘பதம்’ என்னும் சொல்லை இளையவர் இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறார். நன்னூலில் பதவியல் என்றே ஓர் இயல் உண்டு. பகுதி, விகுதி எனப் பிரிக்க இயன்றால் பகுபதம், இயலாவிட்டால் பகாப்பதம். எங்கள் இரண்டாம் தட்டைக் காட்டிலும் நல்ல பகாப்பதத்தை எந்த உரையாசிரியரும் காட்டியிருக்க மாட்டார். கல்லூரியில் வேதியியல் துறை நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, விளக்கினார். தண்ணீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகுமாம். வெள்ளைச் சர்க்கரையானால் 115 பாகை செல்சியஸை ஒட்டி விரலில் உருளும். 150-ஐ ஒட்டினால் ஆறியபின் கண்ணாடிபோல் உடையும். வெல்லம் அத்தனை தூரம் பொறுமையாக வராது. அதிலுள்ள மற்றப் பொருள்கள் முன்னதாகவே தீய்ந்து கசக்கத் தொடங்கும். போதாக்குறைக்கு வெல்லம் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்றார். “கார்த்திகையில் ஏன் செய்கிறீர்கள்?” என்பது அவருடைய நியாயமான கேள்வி. அம்மா கார்த்திகையில்தானே போனாள் என்று அவரிடம் சொல்லவில்லை.

அக்காவைக் கூப்பிடலாம் என்று எங்கள் இருவருக்கும் முதல் நாளே தோன்றியிருந்தது. இரண்டு நாள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா 2004-இல் காலமானார். 2006-இல் ஒரு நாள் அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். நிலத்தில் தனக்குரிய பாகத்தைத் தம்பிமாருக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் பத்திரம். பெண்மக்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் திருத்தப்பட்டது எங்களுக்குத் தெரியாததன்று. தெரிந்ததால்தான் கையெழுத்து வேண்டியிருந்தது. ஊரில் எல்லாரும் செய்வதுதான், கல்யாணத்துக்குப் போட்ட நகையில் அவள் பங்கு கழிந்துவிட்டது, மாமா நல்ல வேலையில் இருக்கிறார் என்றெல்லாம் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அக்கா பத்திரத்தைப் படிக்கவில்லை. எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். திரும்பி வருகையில் கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் அவள் பிள்ளைகளுக்கென்று இரண்டு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம். அன்று அது பிரியம் என்றே எங்களுக்குப் பட்டது.

அதன்பின் ஆண்டுதோறும் பொங்கலுக்கு அந்த நிலத்துக் கடலை ஒரு மூட்டை அவள் வீட்டுக்குப் போயிற்று. 2017-இல் நிலத்தை விற்றோம். மனைகளாக்கிக் கல் நட்டுவிட்டார்கள். மூட்டை நின்றது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்போம்.

மூன்றாம் நாள் மூத்தவர்தான் தொலைபேசியை எடுத்தார். அக்கா சாத்தூரிலிருந்து பேருந்து ஏறி மறுநாள் காலையில் வந்திறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தோலோடு நிலக்கடலையும், கருத்த மண்டை வெல்லமும், அம்மாவின் சுளகும். சுளகு அவளிடம் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். எங்கள் பொன்னிற வெல்லத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, “இது வெளுக்கப்போட்ட வெல்லம்லே” என்று ஒதுக்கி வைத்தாள். ஹைட்ரோஸ் போட்டு நிறம் எடுப்பதை நாங்களும் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். கடையில் நிற்கும்போது கை நிறத்தின் மீதுதான் போகிறது.

மூவரும் தரையில் உட்கார்ந்து கடலை உடைத்தோம். வெகுநாளைக்குப் பிறகு மூவரும் தரையில் உட்கார்ந்தது அன்றுதான். வறுக்க மணல் கேட்டாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மணலுக்கு எங்கே போவது? கல்லுப்பை இரும்புச் சட்டியில் கொட்டிச் சூடேற்றி அதில் வறுத்தாள். உப்பானாலும் மணலானாலும் சூடு பருப்பைச் சுற்றி ஒரே அளவாகப் பிடிக்கும். வெறுஞ்சட்டியில் ஒரு கன்னம் கருகி மறு கன்னம் பச்சையாக இருக்கும். படபடவென்ற வெடிப்பு அடங்கி, தோல் லேசாகச் சுருங்கும்போது சலித்தெடுத்தாள். ஆறவைத்துக் கையால் நிமிண்டி, சுளகில் இட்டு மாடத்தில் நின்று புடைத்தபோது தோல் மழைக்காற்றில் பறந்து கீழ்வீட்டுத் துணிகளில் ஒட்டியது. அந்த வீட்டம்மாவுக்கும் ஒரு பங்கு மிட்டாய் கொடுக்கவேண்டி வந்தது அதனால்தான். பிளந்த பருப்பின் நுனியிலிருக்கும் முளையைக்கூட அவள் விடவில்லை. அது கசக்குமாம்.

செய்து பார்க்க விரும்புவோருக்காக அளவைச் சொல்லிவிடுகிறோம். பருப்பு அரைக் கிலோவுக்கு வெல்லம் 350 கிராம் என்ற எங்கள் கணக்கில் தவறில்லை. தண்ணீர் வெல்லம் நனையும் அளவு போதும். கரைந்ததும் துணியில் வடிகட்ட வேண்டும். அக்கா வடித்தபோது துணியில் மணலும் கரும்புச் சக்கையும் தங்கின; நாங்கள் இரண்டு முறையும் அவற்றையும் சேர்த்தே காய்ச்சியிருக்கிறோம்.

வடித்த பாகு மறுபடி அடுப்பேறியது. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். முதலில் பெருங்குமிழ்கள், பிறகு நெருக்கமாகச் சிறு நுரை, பிறகு நிறம் மாறி, குமிழ்கள் சோம்பலாக வெடிக்கத் தொடங்கின. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டாள், கரைந்தது. மறு துளி உருண்டது; நசுங்கியது. “இதுல இறக்கினா உங்க சவ்வு மிட்டாய்தான்” என்றாள். பிள்ளைகள் முன்னமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போலும்.

அந்த இடைவெளியில் மூத்தவர் பேச்சைத் தொடங்கினார். நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை அக்காவுக்குக் கொடுப்பதென்று நாங்கள் முந்தைய இரவு முடிவு செய்திருந்தோம். எவ்வளவு என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை; விடியும்வரை பேசியும் மூன்றில் ஒன்று என்ற எளிய கணக்கை இருவரும் சுற்றிச் சுற்றியே வந்தோம். “அக்கா, நிலம் வித்த வகையில...” என்று அவர் ஆரம்பித்ததும், அவள் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினாள்.

“பாகு நிக்கிறப்ப பேசாதலே. சத்தம் கேக்காது.”

அப்போதுதான் கவனித்தோம், அவள் பாகைப் பார்ப்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த துளியைத் தண்ணீரில் இறுகவிட்டு எடுத்து எவர்சில்வர் தட்டில் எறிந்தாள். டொக் என்றது. இன்னும் இல்லை. அரை நிமிடத்தில் இன்னொரு துளி. இம்முறை கண் என்று கேட்டது, சல்லிக்காசு விழுந்ததுபோல. அடுப்பை அணைத்து, சுக்குப்பொடியும் பருப்பும் கொட்டி நான்கே சுற்று. நெய் தடவிய பலகையில் கவிழ்த்து, நெய் தடவிய பூரிக்கட்டையால் உருட்டி, ஆவி அடங்குவதற்குள் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டாள். கால்மணி நேரத்தில் ஒரு மூலையை ஒடித்தபோது மளுக்கென்று வந்தது. அம்மா செய்ததுபோல் இருந்ததா என்றால், இருந்தது. பருப்பு மட்டும் திரட்சியாக இருந்தது. சூம்பல் பருப்பைச் சந்தையில் யாரும் விற்பதில்லை.

துண்டுகளைத் தூக்குவாளியில் அடுக்கி, மழைக்காலம், மூடியைத் திறந்து போடக்கூடாது என்று பிள்ளைகளை எச்சரித்துவிட்டு, பாகு ஒட்டிய சட்டியில் தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் வைத்தாள். அம்மாவும் இப்படித்தான் செய்வாள். சட்டி கழுவும் தண்ணீரைக்கூட வீணாக்கமாட்டாள். ஒட்டியதெல்லாம் கரைந்து கொதித்ததும் இன்னும் கொஞ்சம் சுக்குத் தட்டிப்போட்டு, மூன்று தம்ளரில் ஊற்றி எங்கள் முன்னால் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“இப்பச் சொல்லு” என்றாள்.