குருநாகலில் ஒரு முட்டைச் சண்டை

நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு வெளிநாடு என்பது பெரும்பாலும் ஒரு துறைமுகத்தின் பெயர்தான். சரக்கு இறங்குமா, பணம் திரும்புமா என்று கேட்டு முடித்தால் அந்த நாட்டைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். இலங்கையைப் பற்றி மட்டும் அப்படிப் பேச முடிவதில்லை. அங்கே காசு போடலாமா என்று ஒருவர் கேட்டால் போதும், போர், அகதிகள், 2022இல் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள் இறங்கிக் குளித்தது என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும்.

மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன், இன்னும் சிலரோடு சேர்ந்து அங்கே ஒரு தீவன ஆலை போடும் யோசனையில் இருந்தார். நான் இலங்கைக்குக் கிளம்புவது தெரிந்ததும் கூப்பிட்டார். "ஊரு சுத்தத்தானே போற? அப்படியே கண்ணுல பார்த்துட்டு வா. அந்த நாட்டை நம்பலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு போதும்."

நம்பலாம் என்றுதான் காகிதங்கள் சொல்லின. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் கைவிரித்த நாடு அது. அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்குச் சம்மதித்தது. 2024இல் பொருளாதாரம் 5 விழுக்காடு வளர்ந்தது. அந்த டிசம்பரில் பழைய கடன் பத்திரங்களுக்குப் பதில் புதியவை கொடுத்து முடித்ததும் மூடிஸ், ஃபிட்ச் ஆகிய தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தை உயர்த்தின. உயர்த்திய பிறகும் முதலீட்டுக்கு உகந்தது என்கிற கோட்டுக்கு அது வெகு கீழேதான். 2025 ஆவணியில் நான் கொழும்பில் இறங்கியபோது தெருவும் அந்தக் காகிதங்களையே ஆமோதித்தது. 2020 முதல் மூடிவைத்திருந்த வாகன இறக்குமதியை அந்தப் பிப்ரவரியில் திறந்திருந்தார்கள். பளபளவென்று புது வண்டிகள் ஓடின. அண்ணனுக்கு நல்ல செய்தியோடு போகலாம் என்று உற்சாகமாக இருந்தேன்.

கோழிப்பண்ணைகள் நிறைந்த வடமேல் மாகாணத்தைப் பார்க்கக் குருநாகல் போனேன். ஊர் தலைமேல் பாறை நிற்கிறது. நாமக்கல் கோட்டைப் பாறையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஊர் உடனே பிடித்துவிட்டது. இங்கே உச்சியில் கோட்டை. அங்கே வெள்ளைப் புத்தர். அதோடு ஒற்றுமை சரி. எங்கள் ஊரில் வெயிலில் காயும் நிலத்தில் கொட்டகைகள் வரிசை வரிசையாக நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். அங்கே தென்னந்தோப்புக்குள் நுழைந்து தேடினால்தான் பண்ணை. ஐயாயிரம் கோழி, எட்டாயிரம் கோழி. எங்கள் பக்கம் அரை லட்சம் வைத்திருப்பவரையே சின்னப் பண்ணை என்போம். இவர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்ற எண்ணம் எனக்குள் மெல்ல ஏறியது.

அந்த எண்ணத்தோடுதான் ஹெட்டிப்பொல போகும் சாலையில் ஒரு முஸ்லிம் கடையில் மாலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். முட்டை அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை அகலச் சட்டியில் மாவைச் சுழற்றி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மூடுகிறார்கள். ஓரம் முறுகலாக, கரு பாதி வெந்து குழைவாக வருகிறது. தொட்டுக்கொள்ள உறைப்பான கட்டசம்பல். தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டு ஆப்பம் சாப்பிட்டே பழகியவனுக்கு அந்தக் காரம் புதிது. இன்னும் ஒன்று கேட்டேன். கடைக்காரரிடம் முட்டை விலையையும் கேட்டேன். முப்பது ரூபாயைச் சுற்றி என்றார்.

"ரொம்ப விலைங்க. எங்க நாமக்கல்ல பண்ணையில அஞ்சு ரூபா சுமாருக்கு எடுக்கறாங்க. உங்க காசுக்குப் பதினேழுதான் ஆகும்" என்றேன்.

பக்கத்து மேசையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். "நாமக்கலா? நீங்கதானே எங்கட கோழிய அறுக்க வெச்சது?"

கடைப் பையன் அவரை நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். "நாங்க என்ன பண்ணினோம் நானா?"

"இந்திய முட்டை எண்டா நாமக்கல் முட்டைதானே. முப்பத்தஞ்சு ரூபாக்குக் கொண்டு வந்து கொட்டினீங்க."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் அரசாங்கம் கேட்டது, எங்கள் நாட்டிலிருந்து வந்தது. நீங்கள் அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றபோது தமிழ்நாடு 40,000 டன் அரிசி அனுப்பியது. அதற்கெல்லாம் இதுதான் பேச்சா என்று குரலை உயர்த்திக் கேட்டேன். கடையில் மற்றவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அரிசி தந்தது வேற. அதை நான் மறக்க மாட்டன். இது யாவாரம். உக்காருங்க, சொல்றன்."

அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. 2021 ஏப்ரலில் ஒரே உத்தரவில் ரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் அந்தப் பருவத்து மக்காச்சோளம் போய்விட்டது. கோழித் தீனியில் பாதிக்கு மேல் சோளம். வெளியிலிருந்து வாங்கலாம் என்றால் 2022இல் நாட்டிலேயே டாலர் இல்லை. சோயா இல்லை, மருந்து இல்லை, தாய்க்கோழி இறக்குமதி இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. இந்த நிலையில் ஆகஸ்ட்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்புக்கு 45 என்று உச்ச விலை கட்டினார்கள். அடக்கம் அதற்கு மேலே. முட்டையிடும் கோழியை இறைச்சிக்குத் தள்ளிவிட்டு ஆட்கள் கொட்டகையைப் பூட்டினார்கள். சந்தையில் முட்டை மறைந்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முதல் இருபது லட்சம் முட்டை இறங்கியது. முதலில் பேக்கரிகளுக்கு, பிறகு அரசின் சதொச கடைகளில்.

"எங்கட கையக் கட்டிப்போட்டாங்க. பிறகு, பாருங்க இவங்களால ஏலாது எண்டாங்க" என்றார்.

"முப்பத்தஞ்சு ரூபாய்க்கு முட்டை தின்ன புள்ளைக்கு என்ன சொல்வீங்க நானா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்கு என்னட்ட பதில் இல்ல தம்பி."

நானும் இறங்கிவந்தேன். நாமக்கல்லில் அந்த ஐந்து ரூபாய்கூடப் பண்ணைக்காரர் கைக்கு முழுசாக வருவதில்லை, முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலையை அறிவிக்கும், வியாபாரி அதில் மைனஸ் பிடித்துக்கொண்டுதான் எடுப்பார் என்று சொன்னேன். மைனஸ் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார். என் சாப்பாட்டுக்கும் அவரே காசு கொடுத்தார். மறுநாள் காலையில் பண்ணைக்கு வரச் சொன்னார்.

மூன்று கொட்டகைகள். ஒன்று காலி, கூண்டுகளில் தூசி. ஒன்றில் முட்டையிடும் கோழிகள். மூன்றாவதில் நாலு வாரக் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. அந்தக் குஞ்சுகளுக்கு முன்னால் நின்றபோதுதான், அண்ணன் கேட்ட கேள்விக்கான பதில் நான் படித்த காகிதங்களில் இல்லை என்று தோன்றியது. ஒரு நாள் குஞ்சை இறக்கினால் இருபது வாரம் வரை தீனிச் செலவு மட்டும்தான். அதன் பிறகு முட்டை. ஒன்றரை வருஷம் ஆனதும் கோழி கழிவுக்குப் போகும். குஞ்சு இறக்குகிறவர் அந்த ஒன்றரை வருஷத்துக்குத் தன் நாட்டைக் குத்தகைக்கு எடுக்கிறார். டாலர் விலை, மின்சாரம், உரம், விலைக் கட்டுப்பாடு, இறக்குமதி எல்லாவற்றையும் சேர்த்து நம்பித்தான் எடுக்கிறார். நம்பிக்கை போனால் எந்த அறிக்கையும் விடமாட்டார், பேசாமல் கொட்டகையைப் பூட்டிவிடுவார்.

"காலிக் கொட்டகை எப்ப நிறையும் நானா?"

"வட்டி இறங்கிட்டுது. டொலரும் முன்னூறுக்குக் கிட்டத்தான் நிக்குது. அது பிரச்சினை இல்ல. வர்த்தமானிதான் பயம்."

இரவோடு இரவாக அரசு வெளியிடும் வர்த்தமானி அறிவிப்பைச் சொல்கிறார். உரத் தடையும் விலை உச்சமும் அப்படித்தான் வந்தன. முட்டை இறக்குமதிக்கு வழி திறந்ததும் கொழும்பில் எடுத்த முடிவுதான். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை போட வந்த அதானி நிறுவனம், புது அரசு மின்சார விலையைக் குறைக்கச் சொன்னதும் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. எங்கள் ஊரில் இதைக் காட்டித்தான் அந்த நாட்டுக்குப் போகாதே என்கிறார்கள். அவரிடம் கேட்டேன். "அவங்க ஒரு விலை சொன்னாங்க, இவங்க கூட எண்டாங்க, அவங்க போயிட்டாங்க. முன்னால உக்காந்து பேரம் பேசினா எனக்குப் பயமில்ல" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

காலிக் கொட்டகையின் பின்சுவரில் இரண்டு கரிந்த உத்தரங்கள் சாத்தியிருந்தன. ஹெட்டிப்பொலயில் தம்பியின் கடையில் மிஞ்சியவை என்றார். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு 2019 மே 13இல் அந்த வட்டாரத்தில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் தாக்கின. நான் விமானத்தில் படித்த எந்த அட்டவணையிலும் அந்தத் தேதி இல்லை. கடன் விகிதம் இருந்தது, அந்நியச் செலாவணிக் கையிருப்பு இருந்தது. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐப் பிடித்ததும் இருந்தது. நிலையான ஆட்சி என்று அதற்கு ஒரு வரி. அந்தக் கட்சிக்கு ஏன் வாக்களித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "இவங்கட காலத்தில எங்கட கடைய எரிக்க ஆள் வராது எண்டு நினைக்கிறன். அது போதும். மத்ததை நான் பார்த்துக்கொள்ளுவன்." முதலீட்டுக்கு அவர் கேட்கிற முதல் உத்தரவாதம் இதுதான். எங்கள் ஊரிலிருந்து போகிற பணம் இதைக் கேட்காமல் போகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

தீவன ஆலை பற்றிச் சொன்னபோது அவருக்கு ஆர்வம் வந்தது. "போடுங்க. ஆனா சோளத்தைக் கப்பல்ல கொண்டு வராதீங்க. அனுராதபுரத்தில, மொனராகலையில விளையிறத வாங்குங்க. விதைக்கும்போதே விலை பேசுங்க. எங்களையும் பங்குக்குச் சேருங்க. நாளைக்கு ஒரு வர்த்தமானி வந்தா, உங்களுக்காகக் கதைக்க இங்க ஆள் வேணும்."

ஊர் திரும்பி இதை அண்ணனிடமும் கூட்டாளிகளிடமும் சொன்னேன். வர்த்தமானிப் பயத்தை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. 2024 கடைசியில் ஓமன் இறக்குமதி அனுமதியை நிறுத்தி, கத்தார் முட்டையின் எடைக்குக் கட்டுப்பாடு வைத்தபோது எங்கள் ஊர்ச் சரக்குதான் துறைமுகத்தில் தவித்தது. 2025 ஜூனில் ஒரு கோடி முட்டையை முதன்முதலாக அமெரிக்காவுக்கு அனுப்பிக் கொண்டாடினோம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே 50 விழுக்காடு வரி வந்ததும் அந்த வழி அடைபட்டது. ஆனால் உள்ளூர்க்காரர்களைப் பங்குக்குச் சேர்ப்பதைத்தான் அவர்கள் ஏற்கவில்லை. "காசு நம்முது, தொழில் நமக்குத் தெரியும். அவங்க எதுக்கு?" என்றார் ஒருவர். அவர்கள் இல்லாமல் போடாதீர்கள் என்று சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்தது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். குருநாகலும் புத்தளமும் வெள்ளக்காடாயின. நானாவுக்குப் போன் கிடைக்கவே நாளானது. பண்ணை மேட்டில் இருந்ததால் கோழிகள் பிழைத்தன, தீனி மூட்டைகள் நனைந்துவிட்டன, ஆற்றோரத்து நண்பர் ஒருவரின் கொட்டகை கோழிகளோடு போய்விட்டது என்றார். பிறகு, "உங்கட அண்ணன் இனி வர மாட்டார்தானே?" என்று கேட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஆலையப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அவங்க கூட உக்காந்து பேசணும்" என்று கொழும்புக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். கேட்க வேண்டிய கேள்விகளை என்னையே எழுதச் சொன்னார். முதலில் எழுதியது, அனுராதபுரத்தில் இந்தப் பெரும்போகத்துக்கு விதைத்த சோளம் வெள்ளத்துக்குப் பிறகு எவ்வளவு நிற்கிறது என்பது.