சாலைப் பெயரில் ஒரு வீராங்கனை

நான் சிலிபினில் பிறந்து வளர்ந்தவள். ஈப்போவில் எனக்குத் தெரியாத தெருவே இல்லை என்று பெருமையடித்துக் கொள்வேன். சென்ற பள்ளி விடுமுறையில், கோலாலம்பூரிலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். அப்பா எங்களைக் காரில் அழைத்துச் சென்றார். வானொலியில் ஒலித்த ஒவ்வொரு பாடலுக்கும் படத்தின் பெயரையும் பாடகரின் பெயரையும் நொடியில் சொன்னேன். தம்பி வியந்தான்.

பேர் பார்க் பகுதியில் ஒரு சாலைப் பலகையைக் கண்டதும், “அக்கா, சிபில் கார்த்திகேசு என்பவர் யார்?” என்று கேட்டான். ‘தெரியாது’ என்று சொல்ல மனம் வரவில்லை.

“பழைய காலத்துப் பாடகி,” என்றேன். அவன் நம்பிவிட்டான்.

அன்றிரவு மனம் உறுத்தியது. மறுநாள் நூலகத்தில் தேடிப் படித்தேன். சிபில் ஒரு தாதி. ஜப்பானியர் ஆட்சியின்போது, தம் கணவரான மருத்துவர் கார்த்திகேசுவுடன் பப்பான் சிற்றூரில் எதிர்ப்புப் போராளிகளுக்கு இரகசியமாகச் சிகிச்சையளித்தார். தடையை மீறி, ஒளித்து வைத்திருந்த வானொலியில் போர்ச் செய்திகளைக் கேட்டார். 1943இல் கைதானார். கடுமையான சித்திரவதைக்கு ஆளான போதும், போராளிகளைக் காட்டிக் கொடுக்கவில்லை. போருக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948இல் பிரிட்டனில் காலமானார்.

பொழுதுபோக்குக்காக நான் கேட்கும் வானொலியை, அவர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டிருக்கிறார்!

உடனே தம்பியை அழைத்தேன். “நான் சொன்னது தவறு. அவர் பாடகி அல்லர்,” என்றேன்.

“அப்படியென்றால், அவர் யார் அக்கா?”

இம்முறை என்னிடம் உண்மையான பதில் இருந்தது.