திடலில் கிடைத்த பத்துக் காசு



காஹாங் பட்டணத்துப் பூங்காவில், சனிக்கிழமை காலைகளில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் நீண்ட தடியொன்றைப் பிடித்துத் தலைகுனிந்து நடக்கும் ஒருவரை நீங்கள் கண்டிருந்தால், அவர் நான்தான். "வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று பசியாறும் கடையில் பேசிக்கொண்டார்களாம். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தடி மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டும் கருவி. நான் தேடுவது பழைய காசு. இதுவரை அதிகமாகக் கிடைத்தது குப்பை.

இந்த ஆசைக்குக் காரணம் என் பாட்டி. அவர் பால்மரம் சீவியவர். அவர் வாயால் நூறு முறையாவது கேட்ட கதை ஒன்று உண்டு. சம்பளம் போட்ட ஒரு நாள் மாலை, தோட்டத்து லாரியில் ஏறிப் பட்டணத்துக்கு வந்திருக்கிறார்கள். தகவல் இலாகாவின் வண்டி திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டியது. புல்லில் அமர்ந்து படம் பார்த்துவிட்டு எழுந்தபோது முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளே இருந்த ஏழு காசுகளையும் காணவில்லை. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு பெண்கள் புல்லைத் துழாவினார்களாம். லாரிக்காரர் ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தாராம். "ஏழும் நாலு மூலக் காசு" என்பார். வயது ஏறஏற மற்றக் கதைகள் மங்கின. இந்த ஏழு காசு மட்டும் குறையவே இல்லை. அந்தத் திடலின் ஒரு பகுதிதான் இன்றைய பூங்கா என்பது என் தந்தையாரின் கூற்று.

நாலு மூலைக் காசை அறியாத இளையோருக்காக ஒரு சிறு குறிப்பு. நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு காசு நாணயம் 1919-ஆம் ஆண்டு முதல் சதுர வடிவில், மூலைகள் மழுங்கி, வெண்கலத்தில் வெளிவந்தது. 1939-இல் மலாயாவின் பெயரில் வந்த ஒரு காசும் சதுரமே. பின்னர் மலாயாவுக்கும் பிரிட்டிஷ் போர்னியோவுக்கும் பொதுவாக அச்சிட்டபோதும் 1961 வரை அவ்வடிவம் நீடித்தது, 1962-இல்தான் வட்டமாயிற்று. நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த மலேசியக் காசுகள் வந்தது 1967-இல். பாட்டியிடம் ஒரு சதுரக் காசுகூட எஞ்சவில்லை. இருந்தவற்றையெல்லாம் செலவழித்துத்தானே பிள்ளைகளை வளர்த்தார். அஞ்சல்வழி வாங்கலாம், விலையும் அதிகமில்லை. எனினும் வாங்க மனம் வரவில்லை.

தோண்டுவதற்கு முன் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டேன். ஒன்று சட்டம். 1957-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் 1976-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் நீக்கப்பட்டு, 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அவற்றின் இடத்தில் நிற்கிறது. மரபுப் பொருள் என்று நம்பத்தக்க எதையேனும் கண்டெடுத்தால் ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கக் கூடாது. பொது இடமாகையால் உரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். விரலாழத்துக்கு மேல் தோண்டுவதில்லை. புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, ஏட்டைப் புரட்டுவதுபோல் மடித்து, வேலை முடிந்ததும் மூடி மிதித்துவிடுவேன்.

இன்னொன்று போர். நம் ஊர் உறங்கும் ஊர்போலத் தோன்றினாலும் இங்கே ஒரு விமானத் தளம் இருந்தது. காஹாங், குளுவாங் தளங்களுக்கு வேண்டிய பொருள்களை இறக்கவே 1942 ஜனவரி 26-ஆம் நாள் ஜப்பானியக் கப்பல்கள் எண்டாவுக்கு வந்தன. ஆதலால் மண்ணுக்குள் உருண்டு திரண்ட கனமான ஏதேனும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகிப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இதை நான் தேடலைக் காண வரும் பிள்ளைகளிடம் முதற்பாடமாகவே சொல்லிவிடுகிறேன்.

இனிக் குப்பைக்கு வருகிறேன். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை குனிந்து தோண்டினேன். புட்டி மூடிகள், குளிர்பான டின்களின் வளையங்கள், சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், ஒரு கரண்டி, ஆணிகள். காசு ஒன்றே ஒன்று. அதுவும் பொன்னிறத்தில் மின்னிய ஒரு வெள்ளி நாணயம். 2005 டிசம்பர் 7 முதல் செல்லாமற்போனது. இந்தப் பூங்காவில் மண்ணுக்கு மேல் கிடப்பதைவிடக் கீழே கிடக்கும் குப்பை அதிகம். நெகிழிப் பையாவது கண்ணுக்குத் தெரிகிறது.

கருவியின் தலையில் உள்ள வட்டச் சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும். அது எழுப்பும் எதிர்ப்புலத்தை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு தாமதித்து அந்த மறுமொழி வருகிறது என்பதைக்கொண்டு இரும்பா, அலுமினியமா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. ஊகம்தான். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் புதைந்த குண்டைக் கண்டறிய இத்தகைய கருவியொன்றைத் தூக்கிக்கொண்டு போனவர், தொலைபேசி தந்த கிரகாம் பெல். கட்டில் மெத்தையின் கம்பிச்சுருள்கள் அவருடைய கருவியைக் குழப்பிவிட்டன என்பர். பெல்லுக்கே அந்த நிலை எனில், சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய என் கருவியை நான் நொந்துகொள்வதற்கில்லை.

குப்பையின் ஒலியை அடைத்துவிடும் வசதி கருவியில் உண்டு. சோம்பல் மிகுந்து நானும் அடைத்து வைத்தேன். ஆனால் அங்கேதான் சிக்கல். நம் பழைய ஐந்து, பத்து, இருபது, ஐம்பது காசுகள் செம்பு முக்காலும் நிக்கல் காலும் கலந்த வார்ப்பு. அக்கலவை மின்சாரத்தை அரைகுறையாகவே கடத்தும். கருவியின் செவியில் அவை ஏறத்தாழ டின் வளையம்போலவே ஒலிக்கின்றன. 2012-இல் வந்த புதிய ஐந்து, பத்துக் காசுகளோ துருப்பிடிக்காத எஃகு. அவற்றை இரும்பு என்று ஒதுக்கிவிடுகிறது. குப்பையை அடைத்தால் காசையும் சேர்த்தே அடைத்ததாகிறது. இதை எனக்குச் சுட்டிக்காட்டியவன் என் மாணவன்.

அவனுக்கு வயது ஒன்பது. பெயர் வேண்டாம். பாட்டியோடு காலையில் பூங்காவுக்கு வந்து டின் பொறுக்குவான். தந்தை சிங்கப்பூரில் வேலை. முதலில் மாதம் ஒரு முறை, பிறகு தீபாவளிக்கு, பிறகு தொலைபேசி மட்டும் என்று ஆகியிருந்தது. பள்ளியில் அவன் என் குறைநீக்கல் வகுப்பில் இருக்கிறான். ஓராண்டுக்கும் மேலாக எழுத்தட்டை, படம், பாட்டு என்று பயிற்சிக் கழகத்தில் கற்றதை எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அவன் எழுத்தைப் பார்க்க மாட்டான். என் முகத்தைப் பார்ப்பான். முதல் எழுத்தைக் கண்டதும் ஏதோ ஒரு சொல்லைச் சொல்வான். என் புருவம் அசைந்தால் அடுத்த சொல்லுக்குத் தாவுவான். அந்த ஊகத்தில் அவன் வெகு கெட்டிக்காரன். இன்னும் ஓராண்டு இப்படியே போனால் படிவங்களில் அவன் பெயருக்கு நேரே என்ன எழுதப்படும் என்பதை அறிந்திருந்ததால், அவனை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கட்டும்.

"ஐயா, இத ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க? வளையம்னாலும் காசுதானே" என்றான். அவனுக்கு அலுமினியம் கிலோ கணக்கில் காசு. ஆகவே உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டோம். அடைப்பைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் தோண்டுவது. டின்னும் வளையமும் அவனுக்கு, காசு எனக்கு. பாட்டி மரத்தடியில் அமர்ந்து டின்களை மிதித்துத் தட்டையாக்குவார்.

மூன்றாம் வாரத்தில், ஹெட்போனை அவன் தலையில் மாட்டிக் கருவியையும் கொடுத்துவிட்டேன். ஒலி வந்த இடத்தில் அவன் உடனே குனியவில்லை. அதைச் சுற்றி நடந்தான். வடக்கிலிருந்து ஒரு வீச்சு, கிழக்கிலிருந்து ஒரு வீச்சு. "இது வளைஞ்சது ஐயா, பக்கத்துக்குப் பக்கம் சத்தம் மாறுது. காசுன்னா எப்படிச் சுத்தினாலும் ஒரே சத்தம்" என்றான். பலமுறை சோதித்தேன். எப்போதும் சரியில்லை, ஆயினும் என் கணிப்பைவிட மேல். இத்துறையில் பழகியோர் நெடுநாள் உழைத்துக் கற்கும் நுணுக்கத்தை எவரும் சொல்லாமலே அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் வகுப்பில் கரூரைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அமராவதி ஆற்று மணலைச் சலித்துச் சங்க காலக் காசுகளை எடுத்திருக்கிறார்கள். மாக்கோதை என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசு அங்கே கிடைத்தது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் பாண்டியரின் சதுரச் செப்புக்காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற தமிழ் பிராமி எழுத்துகளைப் படித்துக் காட்டினார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க இவன் மட்டும், "நம்ம நாட்டுக் காசுல ஏன் ஐயா தமிழ் இல்ல?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, ஊஞ்சலுக்குப் பின்னால், குப்பைத் தொட்டியை ஒட்டிய இடம். அங்கே கருவி ஓயாமல் கத்தும் என்பதால் நான் போவதே இல்லை. அவன் போனான். சுற்றி நடந்தான். "ஒரே சத்தம்" என்றான். மண்ணோடு வந்தது ஒரு வட்டக்காசு. சதுரமில்லை என்று கண்டதுமே என் ஆர்வம் வடிந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். "என்ன காசு?" என்று கேட்டேன். "மலேசியா" என்றான், வழக்கம்போல என் முகத்தைப் பார்த்து. நான் அப்போது குழியை மூடிக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு அவனுக்கு முகம் கிடைக்கவில்லை.

சற்று நேரம் ஓசையே இல்லை. திரும்பினால், எச்சில் தொட்டுச் சட்டையில் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு விளிம்போரம் நகத்தை வைத்தான். "சி... ங்... க... ப்..." நகம் நகர்ந்தது. "பூ... ர்." உதடு மட்டும் இன்னொரு முறை அசைந்தது. "சிங்கப்பூர். ஐயா, இதுல நம்ம எழுத்து இருக்கு!"

சிங்கப்பூர் 1985-இல் வெளியிட்ட இரண்டாம் வரிசை நாணயங்களில் அந்நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் சுற்றிலும் பொறிக்கப்பட்டிருக்கும். தமிழும் அவற்றுள் ஒன்று. இது பத்துக் காசு, மறுபக்கம் நட்சத்திர மல்லிகை. வேலைக்குப் போய் வரும் எவருடைய சட்டைப்பையிலிருந்தோ விழுந்திருக்க வேண்டும். நான் அக்காசுகளை எத்தனையோ முறை கையில் வாங்கியிருக்கிறேன். வகுப்புக்கு ஒன்றைக் கொண்டுவர எனக்குத் தோன்றியதில்லை.

அவன் அறிந்த சொல்லாகையால் ஊகித்திருப்பானோ என்ற ஐயம், ஆசிரியன் அல்லவா, எனக்கு வரத்தான் செய்தது. ஆனால் அவன் முதலில் ஊகித்தது வேறு. ஊகம் தவறிய பின் எழுத்தெழுத்தாகப் போனான். அதை என் காதால் கேட்டேன்.

உடன்படிக்கைப்படி காசு எனக்குரியது. அவன் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மரத்தடிக்கு ஓடினான். பாட்டி அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது அங்க இன்னும் செல்லுமா?" என்று கேட்டார். செல்லும் பாட்டி, இன்றும் செல்லும் என்றேன். "அப்படின்னா பத்திரமா வையி. ஒங்கப்பன் வந்தா குடு, பஸ்ஸுக்கு ஆவும்" என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தார். பேரன் பதில் சொல்லாமல் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டான்.

பாடநூலில் அவன் இன்னமும் திணறுகிறான். கூட்டெழுத்து வந்தால் என் முகத்தைத்தான் தேடுகிறான். அவ்வேளைகளில் நான் சன்னல் பக்கம் திரும்பி நிற்கப் பழகிவருகிறேன். நாலு மூலைக் காசு ஒன்றும் இன்னும் அகப்படவில்லை. ஊஞ்சலுக்குப் பின்புறம் இன்னும் பாதி இடம் மீதியிருக்கிறது.

சென்ற வாரம் இரண்டு பிஸ்கட் டின்களோடு வந்திருந்தான், கிடைப்பதைப் பிரித்துப்போட. மேலே காகிதம் ஒட்டி, பென்சிலால் தானே எழுதியிருந்தான். ஒன்றில் 'டின்'. மற்றதில் 'காசூ'. அந்த எழுத்தை நான் அன்று திருத்தவில்லை.