நாமதான் கையெழுத்துப் போட்டுட்டோமே

எடிசனில் குழந்தைகளின் பிறந்தநாள் அழைப்போடு வாட்ஸப்பில் ஒரு லிங்க்கும் வரும். "எல்லாரும் வெய்வர் ஃபில் பண்ணிடுங்க ப்ளீஸ்." டிராம்போலின் பார்க், ஐஸ் ரிங்க், கிளைம்பிங் ஜிம், எங்கே போனாலும் இது உண்டு. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்து. நடுவில் பத்தி பத்தியாக ஏதோ இருக்கும். சாரம் இவ்வளவுதான்: என்ன ஆனாலும், எங்கள் கவனக்குறைவாலேயே ஆனாலும், வழக்குப் போட மாட்டேன்.

இந்த மாதிரித் திரைகளை வேறொரு துறைக்காக நானே எழுதியிருக்கிறேன். கையெழுத்திட்ட நேரம், ஐபி முகவரி, படிவத்தின் எந்தப் பதிப்பு, எல்லாம் டேட்டாபேஸில் ஏறும். எவ்வளவு நேரம் படித்தார் என்பதற்கு ஒரு ஃபீல்டு கிடையாது. எந்த மீட்டிங்கிலும் யாரும் கேட்டதில்லை.

போன வருடம் நண்பரின் மகன், ஒன்பது வயது, அப்படியொரு இடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஸ்பிரிங்கை மூடும் மெத்தை விலகிக் கிடந்த இடத்தில் கால் மாட்டிக்கொண்டது. காலையிலிருந்தே அது அப்படித்தான் கிடந்ததாக அங்கே வேலை பார்த்த பையனே சொன்னானாம். அறுவை சிகிச்சை, இன்ஷூரன்ஸ் போகக் கையிலிருந்து சில ஆயிரம் டாலர். "வக்கீல்கிட்ட கேட்டீங்களா?" என்றேன். "எப்படிண்ணா கேக்கறது? நாமதான் கையெழுத்துப் போட்டுட்டோமே" என்றார் நண்பரின் மனைவி. கேஸ் கீஸ்னு போனால் கிரீன் கார்டுக்கு ஆபத்தோ என்ற பயம் நண்பருக்கு. சிவில் வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இங்கே நம்மாட்கள் நூலக அபராதத்துக்கே அப்படிப் பயப்படுகிறவர்கள்.

அந்தக் கையெழுத்து உண்மையில் என்னதான் செய்கிறது என்று தேடிப் படித்தேன். 2006இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே கதை. ஸ்கேட் பார்க்கில் 12 வயதுச் சிறுவனுக்குக் கால் எலும்பு முறிவு, அம்மா கையெழுத்திட்டிருந்தார். லாபத்துக்கு நடத்தப்படும் விளையாட்டு இடங்களில், விபத்துக்கு முன்பே பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது நீதிமன்றம். ஆபத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் இன்ஷூரன்ஸ் எடுக்கவும் நடத்துகிறவரால் முடியும், சிறுவனால் முடியாது. ஆனால் அதே தாளில் இருந்த, ஜூரியிடம் போகாமல் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. கேட்கும் உரிமை தப்பியது, கேட்கும் இடம் மாறியது.

2010இல் அதே நீதிமன்றத்தில் ஒரு ஜிம் வழக்கு. சேர்ந்த அன்றே ஸ்பின் வகுப்பில் சைக்கிளின் ஹேண்டில்பார் கழன்று அடிபட்ட பெண். வயது வந்தவர், ஆகவே வெய்வர் செல்லும். படுமோசமான அலட்சியம் என்றால் மட்டுமே ஜிம் பதில் சொல்ல வேண்டும். ஆக ஒரே திரையில் எனக்கும் மகளுக்கும் நான் போடும் இரண்டு கையெழுத்தில் ஒன்று என்னைக் கட்டும், மற்றது அவளைக் கட்டாது. திரையில் இரண்டும் ஒரே எழுத்துருவில் இருக்கின்றன.

ஹட்சனைத் தாண்டினால் சட்டமே வேறு. நீச்சல்குளம், ஜிம், கேளிக்கை இடம் என்று கட்டணம் வாங்குகிற இடங்களில், சொந்தக் கவனக்குறைவுக்கு விலக்குக் கேட்கும் ஷரத்தை 1976லேயே நியூ யார்க் செல்லாததாக்கிவிட்டது. வயது வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த இடம் முதன்மையாகக் கற்றுத்தரும் இடமா, விளையாடும் இடமா என்று நீதிமன்றங்கள் பார்க்கும். கற்கப் போயிருந்தால் கையெழுத்து கட்டலாம். இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. கற்கிறவன்தானே அதிகம் விழுவான்?

கொலராடோவில் 2002இல் நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. அடுத்த வருடமே சட்டமன்றம் அதை மாற்றி, பெற்றோர் விட்டுக்கொடுக்கலாம் என்றது. பிள்ளைக்கு எது நல்லது என்று பெற்றோர் முடிவெடுக்கட்டும், இல்லாவிட்டால் இந்த விளையாட்டுகளே குறைந்துபோகும் என்ற வாதம். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. பனிச்சறுக்கும் மலையேற்றமும் ஊரின் பிழைப்பு அங்கே.

நியூ ஜெர்சி தீர்ப்பில் என் குறை வேறு. பிள்ளைகள் விஷயத்தில் செல்லாத ஷரத்தை அச்சடிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இன்றும் அது படிவத்தில் இருக்கிறது. கோர்ட்டில் தோற்கும், வீட்டில் ஜெயிக்கும்.

இதையெல்லாம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். மெத்தை விலகிக் கிடந்தது அவர்கள் கவனக்குறைவுதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும், ஜெயிப்பது நிச்சயமில்லை என்றும் சொன்னேன். இந்த ஊரில் மைனருக்கு வழக்குக்கான கெடு 18 வயதிலிருந்துதான் தொடங்கும், அதன் பின் 2 ஆண்டு.

"அப்ப அவனே பெரியவனாகிப் பாத்துக்கட்டுமே" என்று நண்பர் சிரித்தார். அவர் மனைவி பதில் சொல்லவில்லை. போனை எடுத்து, அந்தப் படிவத்தின் நகல் மெயிலில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.