விளையாடாமலே விமர்சித்தேன்

ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். “பூரா வெளையாடிப் பாத்தேன், நல்லா இருக்கு” என்று என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். அவள் செய்து அனுப்பிய விளையாட்டுக் கோப்பை அப்போது நான் திறக்கக்கூட இல்லை. என் பேச்சை நம்பி அவள் அதைச் சமர்ப்பித்தாள். எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய கதை ஒரு வெற்றுப் பக்கத்தில் போய் நின்றது. பழியை அவள் ஏற்றுக்கொண்டாள். காரணமான நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இரத்தினபுரி நகரத்தில் சனி, ஞாயிறு மட்டும் நடந்த ஒரு கணினி வகுப்பு அது. பெல்மதுளை, கஹவத்தை, இறக்குவானை, நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருவோம். நான் இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அவள் நிவித்திகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம். என்னைவிட நாலு வயது இளையவள், அதனால் ‘அக்கா’ என்பாள். உயர்தரத்தில் தமிழுக்கு ‘ஏ’ எடுத்தவள் என்று வகுப்பில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யார் எதை எழுதினாலும் என்னிடம் ஒருமுறை காட்டுவார்கள். அந்தப் பெயரை நான் மிகவும் விரும்பினேன்.

கடைசி ஒப்படை, ஆளுக்கொரு எழுத்து விளையாட்டைச் செய்வது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கதையை வாசித்துக்கொண்டே போய், அங்கங்கே ஒரு தெரிவைச் செய்ய வேண்டும். கிறிஸ் கிளைமஸ் என்ற அமெரிக்கர் 2009இல் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த ட்வைன் என்ற மென்பொருளில் செய்தோம். கதையைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக எழுத வேண்டும். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது இணைப்பாகிவிடும். அதை அழுத்துகிறவர் அதே பெயருள்ள பெட்டிக்குப் போவார். முடித்ததும் முழு விளையாட்டும் ஒரே கோப்பாக வெளியே வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், சாதாரண ஃபோனிலும் பிரவுசரில் திறக்கும், இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவும் வேண்டாம். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

ஒவ்வொருவரும் மூன்று பேருடைய விளையாட்டை ஆடிப் பார்த்து, ஒரு தாளில் கருத்து எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு வந்த மூன்றில் ஒன்று அவளுடையது.

அதில் நாம் பதினொரு வயதுப் பெண்பிள்ளை. அம்மா விடியுமுன்னே பால் வெட்டப் போய்விட்டாள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இறப்பர் மரத்தை வெள்ளனவே வெட்டியாக வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேரும், அதாவது நாள் சம்பளமும், இல்லை. லயத்துக் காம்பராவில் கைக்குழந்தைத் தம்பி தூங்குகிறான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. முதல் திரையிலேயே இரண்டு இணைப்புகள்: தம்பியோடு வீட்டிலேயே இருப்பது, அல்லது தம்பியைப் புள்ளக்காம்பராவுக்குத் தூக்கிப் போவது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துக் காப்பகம்தான் புள்ளக்காம்பரா. அது திறக்கும் முன்பே அம்மா கிளம்பிவிட்டதால் அந்த வேலை மகள் தலையில் விழுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒரே மணித்தியாலத்தில் மூன்று விளையாட்டையும் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவளுடையதில் ‘வீட்டிலேயே இரு’ என்பதை அழுத்தினேன். நாலைந்து பக்கம் போனது. மழை வந்தது. அம்மா நனைந்துகொண்டு திரும்பி வந்தாள். முடிந்தது. எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்ப ஆரம்பத்துக்குப் போய் மற்ற இணைப்பை அழுத்த எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரையை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தால் வாசித்ததாகிவிடும். எழுத்து விளையாட்டு அப்படியல்ல. ஐந்து இடங்களில் இவ்விரண்டு தெரிவு இருந்து, வழிகள் எங்கும் ஒன்றுசேராமல் போனால், கணக்குப்படி 32 வழிகள். ஒருமுறை ஆடியவர் அதில் ஒன்றில்தான் நடந்திருக்கிறார். அவளுடைய விளையாட்டு அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் அவள் எழுதியதில் பாதிக்கு மேல் நான் அழுத்தாத அந்த ஒரு இணைப்புக்குப் பின்னால் இருந்தது. எனக்குக் கதை முடிந்துவிட்டது, அதனால் விளையாட்டையே பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு சொற்களில் கை வைத்தேன். பதினான்கு சொற்களுக்கு அடிக்கோடு. ‘வெள்ளன’ என்பதற்கு ‘அதிகாலையில்’. ‘அங்கிட்டு’ என்பதற்கு ‘அந்தப் பக்கம்’. ‘காம்பரா’வுக்கு ‘அறை’. ‘புள்ளக்காம்பரா’வை அடித்துவிட்டு, பலகையில் எழுதியிருப்பதைப் போல ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதினேன். மழை வர வேண்டும் என்று வேண்டுகிறாயா, வேண்டாம் என்று வேண்டுகிறாயா என ஓரிடத்தில் விளையாட்டு கேட்கும். எதை அழுத்தினாலும் ஒரே பக்கம் வரும். ‘தெரிவுக்குப் பயன் இல்லை, பிழை’ என்று குறித்தேன். தாள் இரண்டு பக்கமும் நிறைந்தது. ஆசிரியர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டி, கருத்துச் சொல்வதென்றால் இப்படிச் சொல்ல வேண்டும் என்றார்.

அந்தச் சொற்கள்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ் என்று சொல்லி எங்கள் பேச்சைத் திருத்திய வகுப்பறைகளில் வளர்ந்தவள் நான். வீட்டில் ஒரு பேச்சு, கொப்பியில் ஒரு பேச்சு என்று பழகி, அந்தக் கொப்பிப் பேச்சால்தான் ‘ஏ’ வாங்கினேன். எனக்குச் செய்யப்பட்டதை அவளுக்குச் செய்தேன். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் தோட்டத்து மனிதர்கள் தங்கள் பேச்சிலேயே பேசும்போது ரசித்து வாசித்தவள்தான் நான். அதே பேச்சைப் பக்கத்து நாற்காலிப் பிள்ளை எழுதியபோது சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

அந்தச் சொற்கள் எங்கள் 200 வருடத்துப் பதிவு. வரிசை வீடான லயம் ஆங்கிலத்து லைன், காலையில் வேலைக்கு வரிசையில் நிற்கும் பெரட்டு ஆங்கிலத்துப் பரேட். காம்பரா, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். யார் யார் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள், எந்த அளவு அறையில் வைத்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. அதிலும் மலையகம் என்றால் நுவரெலியாவும் தேயிலையும்தான் பலருக்கும் நினைவு வரும். எங்கள் சப்ரகமுவவின் இறப்பர்க் காட்டில் நிற்கும் அவளைப் போன்றவர்களைப் பற்றி எழுத ஆட்கள் குறைவு. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களுக்குப் பிறகு இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போய்விட்டன. மிஞ்சியவர்களில் ஒருத்தி எழுத வந்தபோது, அவள் வாயிலிருந்த சொல்லை நான் பிடுங்கினேன்.

ஒரு கிழமை கழித்து அவள் மாற்றிய கோப்பை அனுப்பினாள். “அக்கா, நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன். இன்னொருக்கா பூரா வெளையாடிப் பாத்துச் சொல்றீங்களா?” என்று குரல் பதிவும் வந்தது. அன்று மாலை நேரில் கேட்டபோதுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் முகம் அவ்வளவு தெளிந்தது.

சமர்ப்பித்த நாளில் ஆசிரியர் புரொஜெக்டரில் ஒவ்வொன்றாக ஆடிக் காட்டினார். அவளுடையதில் முதல் திரை வந்தது. ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்பதை அழுத்தினார். வெள்ளைத் திரை. ஒரு எழுத்து இல்லை. பின்னால் போய் மறுபடி அழுத்தினார், மறுபடியும் வெள்ளை. “இந்தப் பக்கம் இன்னும் எழுதலியா?” என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, “நான்தான் சரியாச் செய்யல சேர்” என்றாள். புள்ளித் தாளில் ‘முற்றுப்பெறவில்லை’ என்று எழுதப்பட்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பல மாதம் கழித்து, ஃபோனில் கிடந்த அந்தக் கோப்பை ட்வைனிலேயே திறந்து பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. இணைப்பின் பெயரும் பெட்டியின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நான் சொன்னபடி அவள் இணைப்பில் இருந்த ‘புள்ளக்காம்பரா’வை மாற்றியிருக்கிறாள், பெட்டியின் தலைப்பை மாற்றவில்லை. அந்தப் பெயரில் பெட்டி இல்லாததால் ட்வைன் தானாகவே ஒரு புதுப் பெட்டியைப் போட்டுவிட்டது. அதற்குள் ஒன்றும் இல்லை. ஒரே ஒருமுறை நான் அந்த இணைப்பை அழுத்திப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

பழைய ‘புள்ளக்காம்பரா’ப் பெட்டி அங்கேயேதான் இருந்தது, எந்த அம்பும் வந்து சேராமல், ஒரு மூலையில். அதை முதன்முதலாக வாசித்தேன். அக்கா தம்பியை ஆயாவிடம் கொடுக்கிறாள். அவன் அவளுடைய யூனிஃபோர்மைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். ஆயா ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடுகிறாள். சட்டையில் அந்தப் பிடி கசங்கலாக நிற்கிறது. பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு இணைப்பு: ‘திரும்பிப் பாக்காம நட’. அதற்குப் பின்னால் பள்ளிக்கூடம், பிந்தி வந்ததற்கு நிற்க வைப்பது, ஜன்னல் வழியே மேகம் கறுப்பது. மழை வந்தால் அம்மா வீட்டுக்கு வருவாள், ஆனால் பேர் விழாது. வராவிட்டால் பேர் உண்டு, அம்மா இல்லை. அந்த மழைக் கேள்வியின் இரண்டு தெரிவும் ஏன் ஒரே இடத்துக்குப் போகின்றன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பிள்ளை எதை வேண்டினாலும் மழை தன் பாட்டில் பெய்யும்.

இந்த வகை விளையாட்டின் ஆரம்பத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1970களின் நடுவில் வில் குரோதர் என்ற அமெரிக்க நிரலாளர், தான் இறங்கி நடந்த கென்டக்கி மாமத் குகையை வைத்து, தன் மகள்மாருக்காக ஒரு எழுத்து விளையாட்டைச் செய்தார். டான் வூட்ஸ் என்ற மாணவர் அதை ஆடிப் பார்த்தார், மாற்றவும் வளர்க்கவும் விரும்பினார். முதலில் அவர் செய்தது, எழுதியவரைத் தேடிக் கண்டுபிடித்து அனுமதி கேட்டது. அதன் பிறகே கை வைத்தார். 1977இல் வந்த அந்த வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. முழுக்க ஆடுவது, கேட்பது, அப்புறம் மாற்றுவது என்ற அந்த வரிசையை நான் தலைகீழாக்கினேன். ஆடாமலும் கேட்காமலும் மாற்றச் சொன்னேன்.

போன வருடம் அவளுக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “தெரியும் அக்கா. நீங்க வெளையாடலன்னு திரை வெள்ளையா நின்ன அன்னைக்கே தெரிஞ்சிருச்சு. தாள் பூரா எழுதியிருந்தீங்க, அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை இல்லியே.” கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதையாவது எழுதினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

இப்போது யாராவது ஒரு விளையாட்டைக் காட்டினால் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்துக்கொள்கிறேன். எதை அழுத்தினேன், எங்கே தயங்கினேன், எங்கே நெஞ்சில் ஏதோ செய்தது என்று வரிசையாகக் குறிக்கிறேன். எல்லா வழியிலும் போய் வந்த பிறகே பேசுகிறேன். ஒரு சொல் எனக்குப் பிழையாகப் பட்டால், “உங்க வீட்டுல இத இப்படித்தான் சொல்வாங்களா?” என்று கேட்கிறேன். அவர்கள் திருத்தி அனுப்பினால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆடுகிறேன். இதெல்லாம் அவளுக்குச் செய்திருக்க வேண்டியவை.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை தான் செய்த சின்ன விளையாட்டை நீட்டி, பார்த்துச் சொல்லுங்கள் என்றால், முழுக்க ஆடிப் பாருங்கள். நேரம் இல்லாவிட்டால், நேரம் இல்லை என்று சொல்லுங்கள், அது அவர்களுக்கு நட்டமில்லை. பார்க்காமல் பார்த்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.