பயிற்சிக்கு இட்ட முதல்

எமது கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, மாணவப் பருவத்து இனிய நினைவுகளையே எழுதலாமென முதலில் எண்ணினேன். அவற்றை என்னினும் நன்கு எழுதவல்லார் பலர் உளராதலின், யான் தொழில் புரிந்த துறையில் எனக்கு நேர்ந்த ஒரு பிழையையும், அதனைத் திருத்தப் பட்ட பாட்டையும் ஈண்டு எழுதத் துணிந்தேன். கல்லூரி நினைவு ஒன்றும் அதனுள் வந்தே தீரும்.

கொழும்பிலே பல மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்புப் பகுதி நெடுங்காலம் என் பொறுப்பில் இருந்தது. இத்தகைய கட்டடங்களில், சில்லர் எனப்படும் பெரும் குளிரூட்டும் பொறிகள் ஏறக்குறைய 7 பாகை சதமளவுக்குக் குளிர்வித்த நீரை மாடிதோறும் அனுப்புகின்றன. மாடிகளிலுள்ள காற்றுப் பொறிகள் அந்நீரினாற் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்குள் செலுத்துகின்றன. அறையின் வெப்பத்தை உணரிகள் அறிவிக்க, வால்வைத் திறப்பதும், விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும், மாலையானதும் யாவற்றையும் நிறுத்துவதும் தாமாகவே நிகழும். இதுவே கட்டடத் தன்னியக்கம். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் பள்ளியாசிரியர் என்பதைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து ஆசிரியரான வாரன் ஜோன்சன் என்பார், பணியாளர் வகுப்புத்தோறும் நுழைந்து வெப்பத்தைப் பார்ப்பது பாடத்துக்கு இடையூறாயிருந்தமை கண்டு, அறையின் வெப்பநிலையை மின்சாரத்தால் அறிவிக்கும் கருவியை அமைத்து, 1883 ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார்.

தாமாக இயங்கும் பொறிகளுக்கு மனிதர்க்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பாருண்டு. எங்கள் பணிப்பாளர் சபையிலும் கேட்டனர். ஒரு மாடியில் வெக்கை என்று முறைப்பாடு வருகிறது. தொழினுட்பவியலாளர் ஓடிச் சென்று, காரணத்தை ஆராய நேரமின்றி, ஆளியைக் கைநிலைக்குத் திருப்பிவிடுகிறார். விசிறி முழு வேகத்திற் சுழல்கிறது, அறை குளிர்கிறது, முறைப்பாடு நிற்கிறது. அவர் அதனை மறந்துவிடுகிறார். கைநிலையிலுள்ள பொறிக்கு மாலையுமில்லை, ஞாயிற்றுக்கிழமையுமில்லை. விசிறி உண்ணும் வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. வேகத்தை ஐந்திலொரு பங்கு குறைத்தால் வலு ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே, மறக்கப்பட்ட ஓர் ஆளி வீணாக்கும் மின்சாரம் சிறிதன்று. உணரி பழுதா, வால்வு இறுகிவிட்டதா என்று பகுத்தறியக் கற்றவனே அவ்வாளியைத் தொடாமல் விடுவான்.

2021 ஆம் ஆண்டு இறுதியில் எழுவருக்குப் பயிற்சியளிக்கப் பணம் பெற்றேன். எளிதிற் கிடைத்த பணமன்று. ஓராண்டின் பின் பயனைக் கணக்கிற் காட்டுவேன் என்று வாக்களித்தே பெற்றேன். பயிற்சியின் பயனை அளப்பதற்கு டொனால்ட் கேர்க்பற்றிக் என்னும் பேராசிரியர் 1959 ஆம் ஆண்டில் நான்கு படிகளை வகுத்திருந்தார்; அவரும் விஸ்கொன்சின் மாநிலத்தவரே. கற்றவர் மனநிறைவு, கற்ற அறிவு, வேலையிற் கண்ட மாற்றம், நிறுவனம் பெற்ற பயன் என்பன அவை. பிற்காலத்தில் ஜாக் பிலிப்ஸ் என்பார் ஐந்தாவதாகப் பண ஊதியத்தைச் சேர்த்தார்: பயனிலிருந்து செலவைக் கழித்து, வந்ததைச் செலவால் வகுத்து, நூற்றாற் பெருக்குக. முதலிரு படிகளில் எங்களுக்கு யாதொரு குறையுமில்லை. எழுவரும் மகிழ்ந்தனர்; எழுவரும் பரீட்சையிற் சித்தியெய்தினர். யான் மூன்றாம் படியிற் காலே வையாமல் ஐந்தாம் படிக்குத் தாவினேன்.

2022 ஆம் ஆண்டு முடிவில் மின் அலகுகளைக் கூட்டிப் பார்த்தேன். முந்திய ஆண்டினும் மிகக் குறைவு. குறைந்த அலகுகள் அனைத்தையும் பயிற்சியின் பேரில் வரவுவைத்து, இட்ட முதல் பன்மடங்காய் மீண்டதென்று அறிக்கை எழுதிச் சபையில் வாசித்தேன். கணக்குப் பகுதியிற் புதிதாய்ச் சேர்ந்திருந்த இளம் பெண்மணி ஒருவர் எழுந்து, “ஐயா, அம்மாதங்களில் மாடிகளில் எத்தனை பேர் இருந்தார்கள்?” என்று கேட்டார். அவ்வளவே. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜூன் மாதத்தில் எரிபொருளின்றி அலுவலர் பலர் வீட்டிலிருந்து வேலை செய்தனர். வெறுமையான மாடிகளின் மிச்சத்தை என் மாணவர்களின் திறமையாக எழுதியிருந்தேன்.

அப்பொழுது நினைவில் வந்தவர் எமது பௌதிகவியல் ஆசிரியர். ஊசற் பரிசோதனையில் 981 என்ற விடை வரும்படி நேரங்களைச் சற்றே திருத்தி எழுதிக் கொடுத்த என் கொப்பியை அவர் திருப்பி நீட்டி, “தம்பி, இது உம்முடைய ஊசல் சொன்ன விடையோ, புத்தகம் சொன்ன விடையோ?” என்று கேட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அறிக்கையை மீளப் பெற்றுக்கொண்டேன். பணக்கணக்கு உதவவில்லை. மின்கட்டணம் 2022 ஆகஸ்டிற் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் நூற்றுக்கு 66 வீதமும் ஏற்றப்பட்டமையின், அலகு குறைந்தும் பட்டியல் ஏறிற்று. ரூபாவால் அளந்தாற் பயிற்சி நட்டமென்றே தோன்றும். பகல் அலகுகளோ ஆள்வரவோடு அசைவன. ஆள்வரவு தீண்டாத அளவு ஒன்று வேண்டியிருந்தது. சில நாட் சிந்தித்தபின் புலனாயிற்று: இரவு இரண்டு மணி. அந்நேரம் மாடிகளில் எவருமிலர். அன்று ஓடும் விசிறி, மறதியால் ஓடும் விசிறி. தன்னியக்கக் கணினியோ பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பதிந்தே வைத்திருந்தது. வாசிப்பார்தாம் இல்லை.

பயிற்சிக்கு முன், 2021 நவம்பரில், 42 காற்றுப் பொறிகளுள் 19 கைநிலையில் இருந்தன. மின்வெட்டுகள் ஓய்ந்தபின், 2023 மார்ச்சில், 5 இருந்தன. மீண்ட 14 பொறிகளுள் 3, ஒப்பந்தகாரர் உணரி மாற்றியமையால் மீண்டவை, அவற்றைக் கழித்தேன். எஞ்சிய 11 பொறிகளின் இரவு அலகுகளை மட்டும், இரு காலத்துக்கும் பழைய கட்டணத்தையே கொண்டு மதிப்பிட்டேன். செலவின் பக்கத்தில் ஆசிரியர் கட்டணத்தோடு, எழுவர் வகுப்பிலிருந்த நாட்களின் சம்பளத்தையும் சேர்த்தேன். முதலறிக்கையில் அதனை வசதியாக விட்டிருந்தேன். முன்னர்ச் சொன்ன பெருந்தொகையில் ஐந்திலொரு பங்குகூடத் தேறவில்லை. ஆயினும் இட்ட முதல் இரண்டாண்டுக்குள் மீளும் என்பது தெளிவாயிற்று.

இரண்டாம் முறை சபை முன் நின்றபோது வேறொரு கேள்வி காத்திருந்தது. எழுவருள் மிகத் திறமைசாலிகளான இருவர் 2022 இறுதியிற் கட்டாருக்குப் போய்விட்டனர். “நாம் பயிற்றுவித்தது கட்டாருக்கோ?” என்றார் பணிப்பாளர் ஒருவர். அவர்களை யான் நொந்துகொள்ளவில்லை. அவ்வாண்டில் இளங்குடும்பஸ்தர் வேறென் செய்வார்? போனவருள் ஒருவர் போகுமுன் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். கைநிலைக்கு ஆளியைத் திருப்புவோர், பெயரும் நாளும் காரணமும் எழுதிய சிவப்பு அட்டை ஒன்றை அதிற் கட்டவேண்டும். அது எந்தப் பாடத்திலும் இல்லாதது. அட்டைகளை அவிழ்த்து வந்தோர் எஞ்சிய ஐவரும், அவர்களிடம் கேட்டுப் பழகிய பயிற்சியில்லாதோருமே. 2023 மார்ச்சின் கணக்கு, அவ்விருவரும் போனபின் எடுத்த கணக்கு என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

அடுத்த பயிற்சிக்கு ஐவருக்குப் பணம் ஒதுக்கினர். கணக்குப் பகுதிப் பெண்மணி மாத்திரம் ஒரு நிபந்தனை விதித்தார்: வகுப்புத் தொடங்குமுன் ஒரு மாதத்து இரவு இரண்டு மணி அளவுகள் தம் கையில் இருக்கவேண்டும். மறுநாட் காலையே அனுப்பிவைத்தேன்.