மூணு வயசாச்சு, இன்னும் பேசல

"அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், டீச்சர்."

அங்கன்வாடி வாசலில் பாட்டி சொல்லிட்டுப் போயிட்டாங்க. டீச்சருக்குத்தான் மனசு ஆறல.

பையன் கைகாட்டிக் கேட்கிறான். சொன்னதைச் செய்யறான். ஆனா முதுகுக்குப் பின்னால் நின்னு கூப்பிட்டா, சில நாள் திரும்பறதே இல்ல.

அந்தச் 'சில நாள்'தான் கவனிக்க வேண்டியது. சளி பிடிச்சு நடுக்காதில் நீர் கோத்துக்கிட்டா, கேட்கும் திறன் ஏறி இறங்கும். அதனாலதான் பேச்சுத் தாமதம்னு வந்தா முதல்ல காதுப் பரிசோதனை.

ரெண்டு வயசுல ரெண்டு சொல் சேர்த்துப் பேசலைன்னாலே காட்டிடலாம். நாலு வயசு வரை காத்திருக்கவே வேண்டாம். குழந்தைகளோட உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு, வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும். சந்தேகம்னா மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பாங்க.

வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசறதாலதான் இப்படின்னு சிலர் சொல்றாங்க. ரெண்டு மொழியால பேச்சு தாமதமாகாது.

"சொல்லு, சொல்லு"ன்னு டீச்சர் நெருக்கறதில்ல. அவன் "பா" என்றால், "பாலா? சூடான பால் வேணுமா?" என்று நீட்டிச் சொல்றாங்க. அப்புறம் அவன் முகத்தையே பார்த்துக் காத்திருக்கிறாங்க.

பாட்டியைப் பயமுறுத்தாமல் காதுப் பரிசோதனைக்கு எப்படிச் சம்மதிக்க வைக்கறது?